ஏ1-இல் ஒரு நூல்கண்டு

எங்கள் வீட்டு செஸ் செட்டில் வெள்ளை யானை ஒன்று இல்லை. வீடு மாறும்போது எங்கே விழுந்ததோ, மூன்று வருடமாக அந்த இடத்தில் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து எடுத்த ஒரு வெள்ளை நூல்கண்டுதான் நிற்கிறது. உயரம் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, கட்டத்துக்குள் அடங்குகிறது, அதனால் புது செட் வாங்கும் நினைப்பே வரவில்லை. எப்போதும் அதை ஏ1-இல்தான், அதாவது வெள்ளைக்கு இடது கை ஓரத்தில் இருக்கும் மூலைக் கட்டத்தில்தான் வைப்பேன், ஏன் என்று கேட்டால் காரணம் ஒன்றும் கிடையாது, பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்திருந்தான். பதினாலு வயது. போனில் ஆடி ஆடி என்னைவிட நன்றாகவே ஆடுகிறான், ஆனால் எல்லாம் மூன்று நிமிட ஆட்டம், விரல் போகிற வேகத்துக்கு மூளை பின்னால் ஓடி வரும். ஒரு நல்ல ஆட்டத்தைப் போர்டில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம் வாடா என்றேன். "எதுக்கு மாமா, யூடியூப்ல பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றான். பஜ்ஜி தருகிறேன் என்று சொன்னதும் உட்கார்ந்தான்.

நான் எடுத்தது ஆரோனியன் - ஆனந்த் ஆட்டம். 2013 ஜனவரி 15, நெதர்லாந்தில் கடலோரமாக இருக்கும் வைக் ஆன் சே என்ற சின்ன ஊர், டாடா ஸ்டீல் போட்டியின் நான்காவது சுற்று. அந்த ஊருக்குப் பக்கத்தில் இரும்பாலை ஒன்று இருக்கிறது, அதை வைத்து வளர்ந்த போட்டி, குளிருக்குப் பட்டாணி சூப் கொடுப்பது அங்கே வழக்கம். 2013-இல் அது 75-வது வருடப் போட்டி. வெள்ளை ஆரோனியன், அப்போது 2800 ரேட்டிங்கை (ஆட்டக்காரரின் பலத்தை அளக்கும் எண்) தாண்டியிருந்தவர், ஆர்மீனியாக்காரர், தாக்கி ஆடுவதில் பேர் போனவர். கறுப்பு நம் ஆனந்த், அப்போது உலக சாம்பியன். இருபத்து மூன்றே நகர்த்தலில் முடிந்துவிட்டது, அதுவும் கறுப்பு ஜெயித்து. அந்த மட்டத்தில் இப்படி நடப்பது அபூர்வம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டங்களின் பெயர் இப்படி: வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரைக்கும், வெள்ளைப் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரைக்கும். நான் ராஜா, ராணி, யானை, குதிரை, சிப்பாய் என்றுதான் எழுதப் போகிறேன், பிஷப்பை மட்டும் பிஷப் என்றே விட்டுவிடுகிறேன். எங்கள் பெரியப்பா அதை மந்திரி என்பார், அவர் சிநேகிதர் ஒருவர் ராணியை மந்திரி என்பார், அவர்கள் இரண்டு பேரும் ஆடினால் பாதி நேரம் எந்த மந்திரி என்ற சண்டையிலேயே போகும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். தொடக்கம் செமி ஸ்லாவ், அதில் மெரான் வகை. 1924-இல் இத்தாலியின் மெரான் ஊரில் நடந்த போட்டியில் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர். ரூபின்ஸ்டைன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். இதில் கறுப்பின் கணக்கு எளிமையானது, ஆனால் குயுக்தியானது. சி4-இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாயை கறுப்பு எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். ஆனால் உடனே வெட்டாது. வெள்ளை பிஷப் டி3-க்கு வருகிற வரைக்கும் சும்மா இருந்து, வந்த பிறகு வெட்டும். ஏற்கனவே ஒரு தடவை நகர்ந்த பிஷப் இப்போது இன்னொரு தடவை நகர்ந்து சி4-இல் வெட்ட வேண்டும், உடனே கறுப்பு பி5-க்குச் சிப்பாயைத் தள்ளும், பிஷப் திரும்பவும் டி3-க்கே ஓட வேண்டும். எட்டு நகர்த்தலில் மூன்று அந்த ஒரே பிஷப்புக்குச் செலவு.

இதற்குக் கறுப்பு கொடுக்கும் விலை, பி7-க்கு வரும் பிஷப். அதற்கு முன்னால் சி6-இல் சொந்தச் சிப்பாயே சுவர் மாதிரி நிற்கும், அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. அதனால் இந்த வகையில் கறுப்பு ஆடும் எல்லாமே ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்: சி6 சிப்பாயை எப்படியாவது சி5-க்குத் தள்ளி அந்தச் சுவரை எடுப்பது. வெள்ளை அதைத் தடுக்கப் பார்க்கும், இல்லை என்றால் அதற்குள் நடுவில் இ4 தள்ளப் பார்க்கும். 10-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி சி2, கறுப்பு பிஷப் பி7. 11-ஆவதில் வெள்ளை ஏ3, கறுப்பு யானை சி8. இதில் யானை சி8 என்பது சும்மா வந்து நிற்கிறது போலத் தெரியும், ஆனால் அது நிற்கிற வரிசையின் மறுகோடியில் இருப்பது வெள்ளை ராணி. சி வரிசை திறந்தால் ராணிக்கு அங்கே நிம்மதி இருக்காது.

12-இல் ஆரோனியன் குதிரையை ஜி5-க்குத் தாவவிட்டார். எச்7-ஐ மூன்று காய்கள் பார்க்கின்றன: குதிரை, டி3 பிஷப், பிஷப்புக்குப் பின்னால் ராணி. கறுப்புக்குக் காவல் ராஜாவும் எஃப்6 குதிரையும். அடுத்த நகர்த்தலில் ஒரு சிப்பாய் போகும்.

இங்கே நிறுத்தி அவனிடம் "நீ என்ன ஆடுவே" என்று கேட்டேன். "எச்6" என்று சட்டென்று சொன்னான். நானும் அதைத்தான் ஆடுவேன். மிரட்டினால் தடுக்க வேண்டும், சின்ன வயதிலிருந்து கை அப்படிப் பழகியிருக்கிறது. ஆனந்த் ஆடியது சி5. எச்7-ஐ எடுத்துக்கொள், எனக்கு வேலை இருக்கிறது என்கிற மாதிரி. பதினொரு நகர்த்தலாகக் காத்திருந்த நகர்த்தல் அது, மிரட்டல் வந்ததற்காக அதைத் தள்ளிப் போடவில்லை. அந்த ஒரு அடியில் பி7 பிஷப் விழித்துக்கொண்டது. பி7-இலிருந்து சி6, டி5, இ4, எஃப்3 வழியாக ஜி2 வரைக்கும் குறுக்காக ஒரு தடையும் இல்லை. ஜி2-க்குப் பின்னால் எச்1. இந்தக் கோட்டை மனதில் வையுங்கள், கடைசியில் ஆட்டத்தை முடித்ததே இதுதான்.

ஆரோனியன் குதிரையால் எச்7-ஐ வெட்டினார். இப்போது அந்தக் குதிரை எஃப்8 யானையையும் தாக்குகிறது. குதிரையை எஃப்6 குதிரையால் வெட்டினால், பிஷப் எச்7-இல் செக்கோடு வெட்டும், ஒரு சிப்பாய் நஷ்டம், ராஜா நடுங்கிக்கொண்டு நிற்கும். ஆனந்த் எஃப்6 குதிரையை ஜி4-க்குக் கொண்டுபோனார். யானை? எடுத்துக்கொள்.

"எடுத்தா என்ன மாமா?" என்றான். சரி, எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்தோம். கறுப்பு பிஷப் டி6-இலிருந்து எச்2-ஐ வெட்டி செக். ராஜாவால் திரும்ப வெட்ட முடியாது, ஜி4 குதிரை காவல். எச்1-க்குப் போக வேண்டியதுதான். ராணி எச்4. அடுத்து பிஷப் ஜி3-க்கு விலகினால் ராணியின் செக் வெளிப்படும், ராஜா ஜி1, ராணி எச்2, மேட். ஜி2 சிப்பாயைத் தள்ளித் தடுக்கலாமே என்றால் அது நகரவே முடியாது, நகர்ந்தால் பி7 பிஷப் நேராக ராஜாவைப் பார்க்கிறது. பையன் ஒரு பஜ்ஜியைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனை எடுக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

ஆகவே ஆரோனியன் யானையைத் தொடாமல் எஃப்4 தள்ளினார். டி6 பிஷப்பும் எச்2-வும் இருக்கும் கோட்டில் ஒரு சிப்பாயை நிறுத்தி அடைத்துவிட்டார். வாசல் மூடியாயிற்று. ஆனால் எஃப்2-இலிருந்து சிப்பாய் போய்விட்டதால் ஜி1 ராஜாவுக்கு இன்னொரு பக்கம் ஒரு ஜன்னல் திறக்கிறது, ஏ7-இலிருந்து ஜி1 வரைக்கும் போகும் குறுக்குக் கோடு. அதை இப்போதைக்கு டி4, இ3 சிப்பாய்கள் மறைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனந்த் சி5 சிப்பாயால் டி4-ஐ வெட்டினார், இ3 சிப்பாய் வந்து திரும்ப வெட்டியது, இ3 காலி. அடுத்து டி6 பிஷப் ஒரு கட்டம் தள்ளி சி5-க்கு. அதே பிஷப், அதே ராஜா, வழி மட்டும் வேறு. இப்போது டி4 சிப்பாய் ஒன்றுதான் நடுவில் நிற்கிறது.

அந்த பிஷப்பை டி4 சிப்பாயால் வெட்டலாம். வெட்டினால் டி7 குதிரை சி5-இல் திரும்ப வெட்டும், டி வரிசை முழுசாகத் திறந்துவிடும், டி3 பிஷப்பைக் குதிரையும் டி8 ராணியும் சேர்ந்து பிடிக்கும், கூடவே ராணி டி4-இல் செக்கோடு வந்து இறங்கும் மிரட்டல் வேறு. ஆசைப்பட்டு எஃப்8 யானையை எடுத்தால் குதிரை டி3-ஐ வெட்டும், அதை ராணியால் திரும்ப வெட்டினால் ராணியே போய்விடும். ஆரோனியன் இதையெல்லாம் பார்த்துவிட்டு பிஷப்பை இ2-க்கு இழுத்தார். அங்கிருந்து ஜி4 குதிரையைத் தாக்கலாம். நியாயமான நகர்த்தல்தான், நானாக இருந்தால் பெருமையாக ஆடியிருப்பேன்.

அதற்கு வந்த பதில்தான் எல்லோரும் பேசும் நகர்த்தல். டி7 குதிரை இ5-க்கு.

போர்டில் அதை வைத்துவிட்டு அவனை எண்ணச் சொன்னேன், வெள்ளை இப்போது வெட்டக்கூடிய கறுப்புக் காய்கள் எத்தனை? எஃப்8 யானையைக் குதிரை வெட்டலாம். சி5 பிஷப்பை டி4 சிப்பாய் வெட்டலாம். ஜி4 குதிரையை இ2 பிஷப் வெட்டலாம். இ5 குதிரையை எஃப்4 சிப்பாய் வெட்டலாம். நான்கு. கறுப்பிடம் மொத்தமே ராணி, இரண்டு யானை, இரண்டு பிஷப், இரண்டு குதிரை, அதில் நான்கு தட்டில் வைத்து நீட்டப்பட்டிருக்கின்றன.

"டி4 சிப்பாயாலேயும் இ5-ஐ வெட்டலாமே" என்றான். வெட்ட முடியாது, அதுதான் அழகு. அந்தச் சிப்பாய் இ5-க்குப் போனால் சி5 பிஷப் நேராக ஜி1 ராஜாவுக்கு செக். நகர்ந்தால் ராஜா மாட்டிக்கொள்ளும்படி ஒரு காயைக் கட்டிப்போடுவது, ஆங்கிலத்தில் 'பின்' என்பார்களே, அது. எஃப்4 சிப்பாயால் வெட்டினால் ராணி டி4-ஐ வெட்டி செக், ராஜா எச்1, இப்போது ராணி ஜி1-க்கே போய் செக். ராணியைப் பலி கொடுக்கிறது. ராஜாவால் எடுக்க முடியாது, சி5 பிஷப் காவல். யானை எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததும் குதிரை எஃப்2, மேட். ஜி1-இல் சொந்த யானை, ஜி2-இலும் எச்2-இலும் சொந்தச் சிப்பாய்கள், ராஜா மூச்சு முட்டி நிற்கிறது. ஸ்மதர்ட் மேட் என்று பேர். பையன் அந்த நான்கு நகர்த்தலையும் மூன்று தடவை திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தான், ராணியை ஜி1-இல் வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் டக் என்று சத்தம் வருகிற மாதிரி வைத்தான்.

இது பலகையில் நடக்கவில்லை. ஆரோனியன் பிஷப்பால் ஜி4 குதிரையை வெட்டினார், கறுப்பு பிஷப் டி4-ஐ வெட்டி செக், ராஜா எச்1, அதன் பிறகே இ5 குதிரை வந்து ஜி4-இல் வெட்டியது. வெள்ளைக் குதிரை கடைசியில் எஃப்8 யானையை எடுத்துக்கொண்டது.

ஒரு சொந்தக் கதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கிப்போய் ஒரு மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை ரேபிட் போட்டியில், நான் என் பிஷப்பை எச்7-இல் பலி கொடுத்தேன். எதிரே பத்து வயசு இருக்கும் ஒரு பொண்ணு, ரோஸ் கலர் தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு. ராஜாவால் பிஷப்பை வெட்டினாள். நான் குதிரையை ஜி5-க்கு செக்கோடு கொண்டுவந்தேன். ஜி8-க்குப் போவாள், நான் ராணியை எச்5-க்குக் கொண்டுவந்து மேட் பண்ணலாம் என்று பார்த்தேன். அவள் ராஜாவை ஜி6-க்கு, முன்னால் நடக்கவிட்டாள். அதற்கப்புறம் என்னிடம் எதுவுமே இல்லை. தாக்குவதற்கு ஆள் வேண்டுமே, ராணியும் ஒரு குதிரையும் மட்டும் போய் நின்று கத்தினால் யார் பயப்படுவார்கள். தோற்றுவிட்டு வெளியே வந்து டீ குடித்தபோது கூட எனக்கு என்ன தப்பு என்று புரியவில்லை. பலி கொடுக்கத் தைரியம் இருந்தது, அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டேன்.

திரும்ப ஆட்டத்துக்கு. கறுப்பு நகர்த்த வேண்டிய 19-ஆவது நகர்த்தல், எனக்கு இந்த ஆட்டத்திலேயே ரொம்பப் பிடித்த இடம். கறுப்பு ஒரு யானையை இழந்திருக்கிறது, எஃப்8-இல் வெள்ளைக் குதிரை உட்கார்ந்திருக்கிறது, ராஜாவால் அதை உடனே வெட்டலாம். இன்னொரு பக்கம் ராணியை எச்4-க்குக் கொண்டுபோனால் எச்2-இல் மேட் மிரட்டல். இரண்டில் எது?

பையன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். ராணியை எச்4-இல் வைத்தான். நான் வெள்ளை ராணியை சி2-இலிருந்து ஒரே வீச்சில் எச்7-க்குக் கொண்டுபோய் செக் வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ராணியை அவன் ராணியால் வெட்டியாக வேண்டும், என் குதிரை திரும்ப வெட்டும், ராணிகள் இரண்டும் போயாச்சு, தாக்குதலும் போயாச்சு. சரி, குதிரையை ராஜாவால் வெட்டினால்? அப்போதும் ராணி எச்7-க்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், எச் வரிசை முழுக்க அதன் கண்காணிப்பில்.

ஆனந்த் ஆடியது எஃப்5. ஒரு சிப்பாய், இரண்டு கட்டம். செக் இல்லை, வெட்டு இல்லை, யாரையும் தாக்கவில்லை. வெள்ளை ராணி எச்7-க்குப் போகும் ஒரே பாதையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார், அவ்வளவுதான். வெள்ளையிடம் இருந்த ஒரே உருப்படியான தற்காப்புக் காய் அந்த ராணி, அதற்கும் கதவைச் சாத்தியாயிற்று. எஃப்8 குதிரை எங்கே போய்விடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குதிரை இ5-க்குத் தாவியது கைதட்டல் வாங்கும் நகர்த்தல். ஆனால் யானையைப் பறிகொடுத்துவிட்டு, எல்லாம் பற்றி எரிகிற நேரத்தில், ஒரு சிப்பாயை அமைதியாகத் தள்ளுவதற்கு வேறு மாதிரி மனசு வேண்டும். எனக்கு அது இன்று வரை வரவில்லை, நான் செக் எங்கே எங்கே என்றுதான் தேடுவேன்.

இந்த இடத்தில்தான் அம்மா வந்தாள். கையில் என் சட்டை, பித்தான் அறுந்தது. "வெள்ளை நூல் எங்கடா?" என்றாள், போர்டைப் பார்த்தாள், ஏ1-இலிருந்து நூல்கண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாட்டி, ஆட்டம் நடக்குது!" என்று கத்தினான்.

"நடக்கட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேறு எதையாவது வைக்கலாம் என்று நான் சுற்றும் முற்றும் தேடினேன், அப்புறம்தான் உறைத்தது. அந்த யானை ஆட்டம் தொடங்கியதிலிருந்து நகரவே இல்லை. மிச்சம் இருக்கும் நான்கு நகர்த்தலிலும் நகரப் போவதில்லை. பத்து வருஷமாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன், இதை ஒரு நாளும் நான் கவனித்ததில்லை. பக்கத்தில் சி1 பிஷப், அதுவும் அப்படியே.

உடனே ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எண்ணிப் பார்த்தோம். வெள்ளையின் நகர்த்தல்கள் மொத்தம் 23. அதில் ஐந்து, ஜி1-இல் பிறந்த குதிரை: எஃப்3, ஜி5, எச்7, எஃப்8, ஜி6, பிறகு சாவு. இன்னொரு ஐந்து, எஃப்1-இல் பிறந்த பிஷப்: டி3, சி4, திரும்ப டி3, இ2, ஜி4, பிறகு சாவு. சிப்பாய்கள் ஏழு, ராணி மூன்று, இன்னொரு குதிரை ஒன்று, காஸ்லிங்கையும் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) சேர்த்து ராஜாவுக்கு இரண்டு. ஏ1 யானைக்கும் சி1 பிஷப்புக்கும் பூஜ்யம். பாதிக்குக் கொஞ்சம் குறைவான நகர்த்தல்களை இரண்டே காய்கள் தின்றுவிட்டன, இரண்டும் கடைசியில் போர்டில் இல்லை. கறுப்பில் பாருங்கள், பி7 பிஷப் ஒரே ஒரு தடவை நகர்ந்தது, சி8-இலிருந்து ஒரு கட்டம், அவ்வளவே. முழு ஆட்டத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது.

கணக்கில் வெள்ளைக்கு ஒரு யானை கூடுதல் என்று பார்த்தால் தெரியும். ஆனால் சண்டை நடக்கிற இடத்தில் வெள்ளைக்கு ஆளில்லை, கறுப்புக்கு ராணி, இரண்டு பிஷப், குதிரை. கல்யாண மண்டபத்தில் என் ஏ1 யானையும் சி1 பிஷப்பும் எங்கே நின்றன என்று இப்போது நினைத்துப் பார்த்தேன். அதே இடத்தில்தான். அந்தப் பொண்ணுக்கு அது தெரிந்திருந்தது, அதனால்தான் ராஜாவை அவ்வளவு தைரியமாக நடக்கவிட்டாள்.

சரி, மீதி ஆட்டம். 20-இல் வெள்ளைக் குதிரை ஜி6, எச்4 கட்டத்துக்கு ராணி வராமல் தடுக்க. கறுப்பு ராணி எஃப்6, குதிரையைத் தாக்கி. வெள்ளை எச்3 தள்ளியது, ராணி ஜி6 குதிரையை வெட்டியது. இப்போது எச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்டினால் ராணி எச்6-இல் செக், அதோடு மேட், ஜி1-ஐ டி4 பிஷப் பார்த்துக்கொள்கிறது. வெள்ளை ராணி இ2, கறுப்பு ராணி எச்5. இப்போது எச்3-இல் வெட்டி மேட் என்று மிரட்டல், ஏனென்றால் ஜி2 சிப்பாயால் திரும்ப வெட்ட முடியாது, சி5 தள்ளியபோது திறந்த அந்தக் கோடு இன்னும் திறந்தே இருக்கிறது, பி7 பிஷப் அதைப் பின்னில் பிடித்திருக்கிறது. வெள்ளை ராணி டி3-க்கு வந்து மூன்றாவது வரிசை வழியாக எச்3-க்குக் காவல் கொடுத்தது, கூடவே டி4 பிஷப்பையும் தாக்கியது. 23-ஆவது நகர்த்தல், கறுப்பு பிஷப் இ3. ராணிக்கும் எச்3-க்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. சி1 பிஷப்பால் வெட்டினால் எச்3-இல் செக், ராஜா ஜி1, ஜி2-இல் மேட். ராணியால் வெட்டினால் குதிரை ராணியை எடுத்துக்கொள்ளும். ஆரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

இது ஆனந்த் போர்டில் உட்கார்ந்து கண்டுபிடித்ததா, வீட்டிலிருந்து எடுத்து வந்ததா என்று அப்போதே பேச்சு கிளம்பியது. 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டோடு ஆடிய உலக சாம்பியன் போட்டிக்காகத் தயாரித்து வைத்திருந்தது என்று அவரே சொன்னார். அங்கே பயன்படாதது இங்கே பயன்பட்டது. அதைக் கேட்டதும் சிலருக்குச் சப்பென்று ஆகிவிட்டது, ஓ மனப்பாடமா என்று. எனக்கு அந்தக் குறை புரியவே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் தயாரித்ததை, எதிரே 2800 ஆள் உட்கார்ந்திருக்க, சரியான வரிசையில் திரும்ப எடுப்பதற்கு, ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். வெறும் மனப்பாடமாக இருந்தால் நான்கு காய்களை வெட்டுக்கு நீட்டும்போது கை நடுங்கும்.

அதுவும் தவிர, இந்தக் காட்சி 2013-க்கு ரொம்ப முன்னாலேயே ஒரு தடவை நடந்திருக்கிறது. 1907, லோட்ஸ் நகரம், ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன், கறுப்பு. அங்கேயும் வெள்ளை எஃப்4 தள்ளியது, அங்கேயும் ஒரு கறுப்பு பிஷப் பி7-இலிருந்து எச்1-ஐப் பார்த்தது, இன்னொன்று பி6-இலிருந்து ஜி1-ஐப் பார்த்தது, குதிரை ஜி4-இல் வந்து உட்கார்ந்தது. ரூபின்ஸ்டைன் ராணியையே கொடுத்தார். இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை பஜ்ஜி கேட்கவில்லை.

அந்தக் கடைசி நான்கு நகர்த்தலையும் ஏ1 காலியாகவே வைத்து ஆடி முடித்தோம். போர்டை மடிக்கும்போது அம்மா சட்டையோடு வந்தாள், நூல்கண்டை என் கையில் வைத்தாள். "யானையாமே இது?" என்றாள். ஆமாம் என்றேன். "கொஞ்சம்தான் செலவாச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.